தாஹிட்டித் தீவுகளில் தேனிலவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாஹிட்டி ஒரு தீவா, நாடா?

தாஹிட்டி ஒரு தீவு. அதைத் தலைமைத் தீவாகக் கொண்ட நிலப்பகுதிக்குப் பிரெஞ்சு பாலினேசியா என்று பெயர். பசிபிக் பெருங்கடலின் நடுவே, மேற்கு ஐரோப்பா அளவுக்கு விரிந்த கடற்பரப்பில், நூற்றுக்கும் மேற்பட்ட தீவுகள் ஐந்து கூட்டங்களாகச் சிதறிக் கிடக்கின்றன: சொசைட்டி, துவாமோட்டு, மார்க்கேசஸ், ஆஸ்திரல், காம்பியர். பிரான்சின் ஆட்சிக்கு உட்பட்ட தன்னாட்சிப் பகுதி இது. தலைநகர் பாப்பேட்டே. தேனிலவுக்காரர்கள் கேள்விப்படும் போரா போரா, மோரேயா, ஹுவாஹினே எல்லாம் சொசைட்டி கூட்டத்தைச் சேர்ந்தவை.

இத்தனை தீவுகளில் எதைத் தேர்ந்தெடுப்பது?

பயணத்தின் வெற்றியும் தோல்வியும் இந்த ஒரு முடிவில்தான் இருக்கிறது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்தத் தீவுகள் எல்லாம் கடலடி எரிமலைகளாகப் பிறந்தவை. பிறந்த தீவு மெல்ல மெல்லத் தேய்ந்து, தன் எடையாலேயே கடலுக்குள் அமிழ்கிறது. அதன் கரையைச் சுற்றி வளர்ந்த பவளத்திட்டு மட்டும் மேல்நோக்கி வளர்ந்துகொண்டே இருக்கிறது. தீவுக்கும் திட்டுக்கும் நடுவில் அலையில்லாத காயல் உருவாகிறது. கடைசியில் மலை முழுவதும் மூழ்கி, நடுவில் நீரும் சுற்றிலும் மணல் வளையமும் மட்டுமே மிஞ்சுகின்றன. இந்த வரிசையை முதலில் விளக்கியவர் சார்லஸ் டார்வின். 1835இல் பீகிள் கப்பலில் வந்தபோது அவர் தாஹிட்டியின் மலைச்சரிவில் ஏறி, எதிரே இருந்த மோரேயாவையும் அதைச் சூழ்ந்த பவளத்திட்டையும் பார்த்தார்.

இந்த உண்மை பயணத் திட்டத்துக்கு நேரடியாகப் பயன்படுகிறது. தாஹிட்டி இளம் தீவு: 2,241 மீட்டர் உயர ஒரொஹேனா சிகரம், அருவிகள், கருமணல் கடற்கரை, ஆனால் குறுகிய காயல். மோரேயாவும் ஹுவாஹினேயும் அடுத்த பருவம். மலையும் காயலும் சரிசமமாக இருக்கும். போரா போரா இன்னும் முதியது. 727 மீட்டர் உயர ஒத்தேமானு மலை நடுவில் எஞ்சி நிற்க, அதைச் சுற்றி அகலமான காயல். துவாமோட்டு கூட்டத்தின் ரங்கிரோவா, திகெஹாவ், ஃபகாராவா போன்றவை முற்றிலும் மூழ்கிய எரிமலைகளின் வளையங்கள். அங்கே மலையே கிடையாது, வானமும் நீரும்தான்.

ஒரே பருவத்துத் தீவுகள் இரண்டுக்குப் போனால் ஒரே காட்சியை இருமுறை பார்த்ததாகிவிடும். வெவ்வேறு பருவத்திலிருந்து இரண்டு தீவுகளைத் தேர்ந்தெடுங்கள். பத்து நாள் இருந்தால் மூன்று. அதற்கு மேல் வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பெட்டி கட்டுவது, விமான நிலையம், படகு என்று அரை நாள் போய்விடும்.

நீங்களே ஒரு திட்டம் சொல்லுங்களேன்.

வந்திறங்கும் இரவு பாப்பேட்டேயில். மறுநாள் காலை படகில் மோரேயா. தாஹிட்டியிலிருந்து சுமார் 17 கிலோமீட்டர்தான், அரை மணி முதல் முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். அங்கே நான்கு இரவு. பிறகு விமானத்தில் திகெஹாவ் அல்லது ரங்கிரோவா, மூன்று இரவு. அடுத்த இரண்டு இரவு போரா போரா. கடைசி இரவு மீண்டும் தாஹிட்டி. கூட்டமே வேண்டாம் என்பவர்கள் போரா போராவுக்குப் பதிலாக ஹுவாஹினே போகலாம். என் மனதுக்கு மிக நெருக்கமான தீவு அது. பாலம் இணைக்கும் இரட்டைத் தீவு. மாயேவா ஊரில் பழைய கற்கோவில் மேடைகள் நீர்க்கரை ஓரமாகவே வரிசையாக இருக்கின்றன. ஃபாயே ஊரின் ஓடையில் நீலக் கண் விலாங்கு மீன்கள் வாழ்கின்றன. ஊர்மக்கள் அவற்றைப் புனிதமாகக் கருதிப் பாதுகாக்கிறார்கள்.

மோரேயாவில் ஒரு நாளையாவது மலைக்கு ஒதுக்குங்கள். பெல்வெதேர் காட்சி மேட்டிலிருந்து பார்த்தால் ரோத்துயி மலையின் இருபுறமும் ஒபுனோஹு, குக் என்ற இரண்டு விரிகுடாக்கள் தெரியும். வழியெங்கும் அன்னாசித் தோட்டங்கள். வாடகை ஸ்கூட்டரோ காரோ எடுத்தால் தீவை ஒரே நாளில் சுற்றிவிடலாம்.

போரா போரா போகாமல் திரும்பினால் குறையாகத் தோன்றாதா?

புகைப்படங்கள் பொய் சொல்லவில்லை. அந்தக் காயலின் நிறம் உண்மையிலேயே அப்படித்தான் இருக்கிறது. பாப்பேட்டேயிலிருந்து போகும் விமானத்தில் இடப்பக்க ஜன்னல் ஓரம் உட்காருங்கள். இறங்கும்போது முழுத் தீவும் கண்முன் விரியும். விமான நிலையம் தீவின் மேல் இல்லை. பவளத்திட்டின் மீது மணல் சேர்ந்து உருவான ‘மோட்டு’ என்ற சிறு நிலத்துண்டில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் 1942இல் அமெரிக்கப் படை இங்கே தளம் அமைத்தது. ஓடுபாதை அவர்கள் போட்டது. அங்கிருந்து படகில்தான் தீவுக்கோ விடுதிக்கோ போக வேண்டும். அந்தப் படகுச் சவாரியே நல்ல அனுபவம்.

ஆனால் பெரிய விடுதிகள் பெரும்பாலும் தனித்தனி மோட்டுகளில் இருக்கின்றன. அங்கே தங்கினால் ஊரையும் மக்களையும் பார்ப்பது அரிது. ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் விடுதியின் விலைதான். ஏழு நாளையும் அங்கேயே கழிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தீவின் தென்முனையில் உள்ள மத்தீரா கடற்கரை எல்லாருக்கும் பொதுவானது, கட்டணமில்லை. அதன் அருகே குடும்பங்கள் நடத்தும் ‘பான்சியோன்’ எனும் சிறு விடுதிகளில் தங்கினாலும் அதே காயலில்தான் நீந்துவீர்கள்.

கடல்மேல் குடிலுக்கு அவ்வளவு பணம் கொடுக்கலாமா?

போரா போராவின் பெரிய விடுதிகளில் ஓர் இரவுக்கு ஆயிரம் அமெரிக்க டாலர் என்பது சாதாரணம். அதற்கு மேலும் போகும். எனவே கேள்வி நியாயமானது.

இந்தக் குடில்களின் கதை பலர் நினைப்பதுபோலப் பழங்காலத்தது அல்ல. 1967இல் ராயாத்தேயா தீவில் விடுதி நடத்திய மூன்று அமெரிக்க நண்பர்கள், அங்கே நல்ல மணற்கரை இல்லாததால், மீனவர் குடிசை பாணியில் காயலின் மேலேயே அறைகளைக் கட்டினார்கள். பிறகு உலகமெங்கும் பரவியது. இந்த இடத்தில் அது எளிதாக அமைந்ததற்குக் கடலும் ஒரு காரணம். தாஹிட்டிப் பகுதியில் கடல் ஏற்றவற்றம் மிகக் குறைவு, ஏறத்தாழ ஓரடிதான். அதுவும் நிலவைப் பின்பற்றாமல் சூரியனைப் பின்பற்றுகிறது. நண்பகலையும் நள்ளிரவையும் ஒட்டித்தான் ஏற்றம். குடிலின் படியிலிருந்து எந்த நேரமும் தண்ணீரில் இறங்க முடிவது இதனால்தான்.

வாழ்நாளில் ஒருமுறை என்று ஆசைப்பட்டால் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் இரண்டு இரவு போதும். அந்த இரண்டும் பயணத்தின் கடைசிப் பகுதியில் இருக்கட்டும். இந்தியாவைவிடத் தாஹிட்டி பதினைந்தரை மணி நேரம் பின்தங்கியது. வந்த முதல் இரண்டு நாள் உடல் பகலில் தூங்கச் சொல்லும். அந்த நாட்களுக்கு விலையுயர்ந்த அறையை வைத்தால் பணம் தூக்கத்தில் போய்விடும். மோரேயாவிலும் தாஹாவிலும் திகெஹாவிலும்கூடக் கடல்மேல் குடில்கள் உண்டு. போரா போராவின் விலைக்குக் குறைவாகவே பெரும்பாலும் கிடைக்கும்.

எந்த மாதம் நல்லது?

மே முதல் அக்டோபர் வரை மழை குறைவு, புழுக்கமும் குறைவு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ‘மராஆமு’ என்ற தென்கிழக்குக் காற்று சில நாள் பலமாக வீசும். அப்போது மாலையில் மெல்லிய மேலாடை தேவைப்படும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை வெப்பமும் மழையும் அதிகம். அந்த மாதங்களில் புயல் அபாயம் ஓரளவு உண்டு, பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் கூடுதல்.

ஜூலை முதல் நவம்பர் தொடக்கம் வரை கூன்முதுகுத் திமிங்கிலங்கள் தென்துருவக் கடலிலிருந்து வந்து இங்கே குட்டி ஈனுகின்றன. மோரேயாவில் உரிமம் பெற்ற வழிகாட்டிகளோடு மட்டும் போய்ப் பாருங்கள். தாயும் குட்டியும் இருந்தால் விலகி நிற்கும் படகோட்டியே நல்ல படகோட்டி.

ஜூலையில் பாப்பேட்டேயில் ஹெய்வா விழா. தோற்கருவிகளின் வேகத்துக்கு இடுப்பு அசைவு ஈடுகொடுக்கும் ஒத்தேயா நடனம், கைகளால் கதை சொல்லும் அபரிமா நடனம், கல் தூக்கும் போட்டி, படகுப் போட்டி எல்லாம் நடக்கும். கிறித்தவ மதபோதகர்களின் செல்வாக்கில் 1819இல் இந்த நடனங்கள் சட்டத்தால் தடைசெய்யப்பட்டிருந்தன. தடைபட்ட கலை மீண்டெழுந்து மேடையில் நிற்பதைப் பார்க்கும் வாய்ப்பை விட்டுவிடாதீர்கள். விலை கூடும், அறை கிடைப்பது கடினம். மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்யுங்கள்.

ஷெங்கன் விசா இருந்தால் போதுமா?

பிரெஞ்சு பாலினேசியா ஷெங்கன் பகுதிக்குள் இல்லை. ஐரோப்பாவுக்குப் போகச் சாதாரணமாக எடுக்கும் ஷெங்கன் விசா இங்கே தானாகச் செல்லுபடியாகாது. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் பிரான்சின் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே பிரெஞ்சு பாலினேசியா போவதாகக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். சென்னையிலேயே விண்ணப்ப மையம் உண்டு. இலங்கைக் கடவுச்சீட்டுக்கும் விசா தேவை. சிங்கப்பூர், மலேசியக் குடிமக்கள் குறுகிய சுற்றுலாவுக்கு விசா இல்லாமல் போகலாம். புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் குடும்பங்களுக்கு விசா பேச்சே இல்லை.

பலர் மறந்துவிடுவது வழியில் இறங்கும் நாட்டின் விசாவை. அமெரிக்க விமான நிலையத்தில் விமானம் மாறுவதென்றாலும் இந்தியர்களுக்கு அமெரிக்க விசா வேண்டும். ஆக்லாந்து வழியென்றால் நியூசிலாந்தின் இடைவழி விசா வேண்டும். டிக்கெட் வாங்குவதற்கு முன்பே இதை முடிவு செய்யுங்கள்.

எந்த வழியாகப் போவது?

தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து ஆக்லாந்து, அங்கிருந்து பாப்பேட்டே என்பது இயல்பான வழி. கடைசிப் பகுதி ஐந்து மணி நேரம். காத்திருப்பும் சேர்த்து ஒன்றரை நாளுக்குக் குறையாது. ஏற்கெனவே அமெரிக்க விசா உள்ளவர்களுக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் வழி. அங்கிருந்து சுமார் எட்டு மணி நேரம்.

ஆக்லாந்திலிருந்து போகும்போது பன்னாட்டுத் தேதிக்கோட்டைக் கடக்கிறீர்கள். சனிக்கிழமை புறப்பட்டு வெள்ளிக்கிழமை போய் இறங்குவீர்கள். விடுதிக்கு எந்தத் தேதியில் பதிவு செய்கிறீர்கள் என்பதை இருமுறை சரிபாருங்கள்.

செலவைக் குறைக்க வழி உண்டா?

மலிவான பயணம் இது ஆகாது. ஏறத்தாழ எல்லாப் பொருளும் கப்பலில் வருவதால் விலைவாசி உயர்வு. நாணயம் பசிபிக் பிராங்க், யூரோவோடு நிலையாகப் பிணைக்கப்பட்டது: 1,000 பிராங்குக்கு 8.38 யூரோ. ஒரு பிராங்க் நம் ஒரு ரூபாயைவிடச் சற்றுக் குறைவு என்று வைத்துக்கொண்டால் கடையில் மனக்கணக்குப் போடலாம்.

பெரிய மிச்சம் தங்குமிடத்தில்தான். பான்சியோன்களில் காலை உணவும், பல இடங்களில் இரவு உணவும் சேர்ந்தே வரும். வீட்டுக்காரரே தன் படகில் காயலைச் சுற்றிக் காட்டுவார், எந்த இடத்தில் ஆமை வரும் என்பதும் அவருக்குத் தெரியும். சிறு தீவுகளில் வங்கி அட்டையை ஏற்காத இடங்கள் உண்டு, ரொக்கம் கையில் இருக்கட்டும். தீவுகளுக்கிடையே பறக்கப் பல தீவுகளைச் சேர்த்து விற்கும் பயணச்சீட்டு தனித்தனியாக வாங்குவதைவிட மலிவு. சேவைக்கு அன்பளிப்புப் பணம் கொடுக்கும் வழக்கம் இங்கே இல்லை.

பாப்பேட்டே துறைமுகத்தின் அருகே வாயேத்தே சதுக்கத்தில் மாலையானதும் ‘ரூலோத்’ எனும் உணவு வண்டிகள் வந்து நிற்கும். விடுதி உணவகத்தில் ஒருவர் சாப்பிடும் பணத்தில் இங்கே இருவர் வயிறாரச் சாப்பிடலாம். நகரத்து மக்களும் குடும்பத்தோடு வருவார்கள்.

நாங்கள் சைவம். பட்டினி கிடக்க வேண்டுமா?

கிடக்க வேண்டியதில்லை, ஆனால் முன்னேற்பாடு வேண்டும். இந்தத் தீவுகளின் உணவு மீனை மையமாகக் கொண்டது. பச்சைச் சூரை மீனை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துத் தேங்காய்ப்பால் ஊற்றிய ‘இஆ ஓத்தா’தான் எங்கும் கிடைக்கும் உணவு. மீன் உண்பவர்கள் தவறவிடக் கூடாத சுவை.

சைவர்களுக்கு நம்பிக்கை தருவது கிழங்கும் காயும். சேப்பங்கிழங்கு வகைகள், மரவள்ளி, சர்க்கரைவள்ளி, சமைத்து உண்ணும் வாழை, எல்லாவற்றுக்கும் மேலாகக் கறிப்பலா. இங்கே அதற்கு ‘உரு’ என்று பெயர். 1788இல் பவுன்டி என்ற ஆங்கிலக் கப்பல் தாஹிட்டிக்கு வந்ததே கறிப்பலாக் கன்றுகளை மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கொண்டுபோகத்தான். நெருப்பில் சுட்ட உருவும் தேங்காய்ப்பாலும் சேர்ந்தால் ஒரு வேளை நிறைந்துவிடும். வாழைப்பழத்தையோ பப்பாளியையோ மாவோடு வேகவைத்துத் தேங்காய்ப்பால் ஊற்றும் ‘போஎ’ என்ற இனிப்பும் உண்டு.

இன்னொரு துணை, சீனக் கடைகள். 1865இல் அத்திமாவோனோ பருத்தித் தோட்டத்துக்குக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட சீனர்களின் வழித்தோன்றல்கள் இன்று தீவு வாழ்வின் பகுதியாகிவிட்டார்கள். நூடுல்ஸும் வதக்கிய காய்கறியும் அவர்களால் எங்கும் கிடைக்கின்றன. சிப்பிச் சாறு சேர்க்க வேண்டாம் என்று தனியாகச் சொல்லுங்கள். “சான் வியாந்த், சான் புவாசோன்” என்றால் பிரெஞ்சில் இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல் என்று பொருள். சைவம் என்று மட்டும் சொன்னால் மீன் வந்துவிடலாம்.

பொடி வகைகள் எடுத்துப் போகலாமா என்று கேட்பார்கள். வழியில் நியூசிலாந்துக்குள் நுழைவதாக இருந்தால் எல்லா உணவுப் பொருளையும் படிவத்தில் அறிவித்தே ஆக வேண்டும். அறிவிக்காமல் பிடிபட்டால் 400 நியூசிலாந்து டாலர் அபராதம்.

நீச்சல் தெரியாது. சுறா வேறு இருக்குமாமே?

காயலின் பல இடங்களில் தண்ணீர் இடுப்பளவுதான். மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு, முகக்கண்ணாடி வழியே பார்த்தாலே பவளமும் வண்ண மீன்களும் தெரியும். காயலில் அடிக்கடி காணும் கருந்துடுப்புச் சுறாக்கள் சிறியவை, மனிதரைக் கண்டால் தாமே விலகிப்போகும். 2012 முதல் பிரெஞ்சு பாலினேசியாவின் கடல் முழுவதும் சுறாக்களுக்குப் புகலிடம். திருக்கை மீன்களைக் கையால் பிடித்துப் புகைப்படம் எடுக்கும்படி சில வழிகாட்டிகள் அழைப்பார்கள்; மறுத்துவிடுங்கள். அருகில் நின்று பார்ப்பதே போதும்.

அஞ்ச வேண்டியவை வேறு. காயலிலிருந்து கடலுக்குத் திறக்கும் வாய்களில் நீரோட்டம் வேகமானது, அங்கே தனியாக இறங்கக் கூடாது. கல்போலவே கிடக்கும் கல்மீனின் முள் கடுமையான விஷமுள்ளது, எனவே ரப்பர் காலணியோடுதான் நடக்க வேண்டும். கொசுவால் டெங்கு வருவதுண்டு. பாம்பு பற்றிக் கவலையே வேண்டாம், இந்தத் தீவுகளின் நிலத்தில் விஷப் பாம்பு கிடையாது.

பவளத்தின் மேல் நிற்காதீர்கள். அது உயிர். மோரேயாவில் 2017இல் இளைஞர்கள் தொடங்கிய ‘கோரல் கார்டனர்ஸ்’ அமைப்பு, உடைந்த பவளத் துண்டுகளை வளர்த்து மீண்டும் நடுகிறது. பணம் கட்டி ஒரு பவளத்தைத் தத்தெடுக்கலாம். தேனிலவுப் பரிசாக இதைவிட நல்லதொன்று எனக்குத் தோன்றவில்லை.

அணுகுண்டு சோதனை நடந்த இடம் அல்லவா? பாதுகாப்பானதா?

1966 முதல் 1996 வரை பிரான்ஸ் இங்கே 193 அணுச் சோதனைகளை நடத்தியது உண்மை. மொருரோவா, ஃபங்கத்தாவுஃபா என்ற அந்த இரு வளையத் தீவுகளும் தாஹிட்டியிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கின்றன, பயணிகளுக்கு அனுமதியில்லை. நீங்கள் போகும் தீவுகளில் தங்குவதற்கு அது தடையல்ல. ஆனால் சோதனைக் காலத்தில் கதிர்வீச்சுக்கு ஆளான உள்ளூர்க் குடும்பங்கள் இன்னும் நீதிக்காகப் போராடுகின்றன. யாராவது அதுபற்றிப் பேசினால் காதுகொடுத்துக் கேளுங்கள்.

உள்ளூர் மக்களோடு எப்படிப் பழகுவது?

“இயா ஒரானா” என்பது வணக்கம், “மாவுரூரு” என்பது நன்றி. இரண்டையும் கற்றுக்கொண்டு போங்கள். தியாரே என்ற வெண்மலரைக் காதில் செருகித் தருவார்கள். மணமானவர்கள் இதயம் இருக்கும் இடப்பக்கக் காதில் வைப்பது வழக்கம்.

ஞாயிறன்று கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். அன்று தேவாலயத்துக்குப் போய்ப் பல குரல்கள் பின்னிப் பாடும் ஹிமேனே பாடலைக் கேளுங்கள். தோளையும் முழங்காலையும் மறைக்கும் உடை வேண்டும். பாப்பேட்டே சந்தைக்கு மட்டும் ஞாயிறு விடியலுக்கு முன்பே கூட்டம் வந்துவிடும்.

‘மராயே’ எனப்படும் பழைய கற்கோவில் முற்றங்களில் கற்களின் மேல் ஏறக் கூடாது, எதையும் எடுக்கக் கூடாது. ராயாத்தேயாவின் தப்புதப்புவாத்தேயா மராயே 2017இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலில் சேர்ந்தது. பாலினேசியர்களின் கடற்பயணங்களோடும் சமயத்தோடும் பிணைந்த இடம் அது.

இதே அழகு, குறைந்த அலைச்சலில் வேறெங்காவது உண்டா?

உண்டு. குக் தீவுகளும் பாலினேசியாதான். ரரோத்தொங்காவுக்குப் போய் அங்கிருந்து ஐத்துத்தாக்கி காயலைப் பார்க்கலாம். நாணயம் நியூசிலாந்து டாலர், ஆங்கிலம் புழங்கும். பிஜி பாலினேசியாவின் விளிம்பில் உள்ள மெலனேசியத் தீவு நாடு. இந்தியர்களுக்குச் சுற்றுலாவுக்கு முன்கூட்டிய விசா தேவையில்லை, சிங்கப்பூரிலிருந்து நேரடி விமானமும் உண்டு. 1903 முதல் கரும்புத் தோட்டங்களுக்குத் தென்னிந்தியர்கள் கொண்டுசெல்லப்பட்ட மண் அது. நாடி நகரின் முருகன் கோவில் அவர்களின் வழித்தோன்றல்கள் கட்டிக்காப்பது. விடுமுறை ஒரு வாரம்தான் என்றால் பிஜியையே தேர்ந்தெடுங்கள்.

நினைவாக என்ன வாங்கலாம்?

துவாமோட்டு, காம்பியர் தீவுகளின் காயல்களில் விளையும் கருமுத்து. உண்மையில் பச்சை, சாம்பல், கத்தரிப்பூ என்று பல சாயல்களில் வரும். சான்றிதழ் தரும் கடையில் வாங்குங்கள். வசதி குறைவென்றால் வட்டம் பிசகிய முத்துகள் மலிவு, அழகில் குறையில்லை. தாஹா தீவின் வெனிலாவும் நல்லது. அந்தக் கொடியின் பூ ஒரே ஒரு காலை மட்டும் மலர்கிறது. மகரந்தம் சேர்க்கும் பூச்சி இங்கே இல்லாததால் ஒவ்வொரு பூவையும் கையால் தொட்டுச் சூல்கொள்ளச் செய்கிறார்கள். தியாரே மலரைத் தேங்காயெண்ணெயில் ஊறவைத்த ‘மொனோயி’ கூந்தலுக்கும் உடலுக்கும் ஏற்றது. சந்தையிலேயே கிடைக்கும். அதைக் கைப்பையில் வைக்காமல் பெட்டியில் வையுங்கள்.

திரும்பி வரும்போது கவனிக்க வேண்டியது?

போகும்போது கூடுதலாகக் கிடைத்த நாள் திரும்பும்போது போய்விடும். பாப்பேட்டேயில் திங்கள்கிழமை ஏறினால் ஆக்லாந்தில் செவ்வாய். அங்கிருந்து ஊர் வந்து சேர இன்னும் ஒரு நாள் ஆகலாம். எனவே அலுவலக விடுப்பை நாட்காட்டியில் எண்ணி, ஓய்வுக்கும் ஒரு நாள் சேர்த்துக் கேளுங்கள். வெளித்தீவிலிருந்து பாப்பேட்டே வரும் விமானம் காற்று மழையால் தாமதமாகலாம். பன்னாட்டு விமானம் ஏறும் அன்றே அதை வைத்துக்கொள்ளாமல், முந்தைய நாளே தாஹிட்டிக்கு வந்துவிடுங்கள்.